450 வாட்ஸ் என்னும் புனைவு

கவிதையும் நாவலும் பேசும் இடத்தில் எஸ்.எம்.பி.எஸ். பற்றி எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை. எழுத வைத்தவர் திருக்கழுக்குன்றத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். சதுரங்கப்பட்டினத்திலிருந்து தேவனேரி வரையுள்ள மீனவர் குப்பங்களில் புழங்கும் சொற்களைப் பத்தாண்டுகளாகச் சேகரித்து வருபவர். வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுகளில் தொடங்கி, வலைக்கண் அளவுகள், மீன் குஞ்சாகவும் வளர்ந்தும் இருக்கையில் பெறும் வெவ்வேறு பெயர்கள் என்று நீளும் தொகுப்பு அது. ஆட்களைத் தேடிப்போய்க் கேட்டு, இரவில் வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்வார்.

சென்ற ஆண்டு சித்திரை மாதப் பிற்பகல் ஒன்றில் மின்சாரம் போய், வந்தது. வந்த வேகத்தில் மேசைக்கடியில் பட்டாசு வெடித்தாற்போல ஒரு சத்தம், பின் கருகல் வாசனை. எஸ்.எம்.பி.எஸ். மட்டும் போயிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். அது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் உடனழைத்துக்கொண்டு போனது. கையிலிருந்த பிரதியோ இரண்டாண்டுகளுக்கு முந்தையது. ஒழுங்காகப் பிரதி எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கூடும்தான். நம்மில் எத்தனை பேர் வைத்திருக்கிறோம்?

“தம்பி, நல்ல பிராசஸர்னு சொல்லித்தானே வாங்கினோம்?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கணினிக்கான பட்டியலைப் போட்டுக் கொடுத்தவன் நான். பிராசஸருக்கும் மெமரிக்கும் அரைநாள் யோசித்தேன். எஸ்.எம்.பி.எஸ். பற்றிக் கடைக்காரர் சொன்ன ஒற்றை வரியில் திருப்தியடைந்துவிட்டேன்: “அது காபினெட்டோடயே வருது சார், தனியா எதுக்கு?”

சிக்கனமாகக் கணினி சேர்ப்பவர்கள் எல்லோரும் செய்கிற பிழை இது. செங்கல்பட்டிலிருந்து மின்ரயிலேறி எழும்பூரில் இறங்கி, ரிச்சி தெருவின் நெரிசலில் கடை கடையாக ஏறி இறங்கும்போது நூறு ரூபாய்க்கும் பேரம் பேசுகிறோம். பேரத்தின் இறுதியில் இலவசமாக ஒட்டிக்கொண்டு வருவது எஸ்.எம்.பி.எஸ். பிற பாகங்கள் அனைத்தும் அதன் தயவில் உயிர்வாழ்பவை என்ற எண்ணம் அந்நேரத்தில் எவருக்கும் வருவதில்லை.

எரிந்துபோனதைக் கழற்றிப் பார்த்தேன். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 450 வாட்ஸ். கீழேயிருந்த சிறு கட்டங்களில்தான் உண்மை இருந்தது: 12 வோல்ட் வரிசையில் 15 ஆம்பியர். பெருக்கினால் 180 வாட்ஸ். எஞ்சியதை 5 வோல்ட், 3.3 வோல்ட் வரிசைகளில் காட்டிக் கணக்கை ஒப்பேற்றியிருந்தார்கள். பென்டியம் 3 காலத்தில் பிராசஸர்கள் 5 வோல்ட்டை நம்பியிருந்தன. 2000-இல் பென்டியம் 4 வந்தபோது அதற்கென்றே தனியாக 12 வோல்ட் இணைப்பு ஒன்று சேர்க்கப்பட்டது. இன்றைய கணினி தன் பசியைப் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் தீர்த்துக்கொள்கிறது. மலிவுப் பெட்டிகள் மட்டும் பழைய காலத்திலேயே நின்றுவிட்டன. நேர்மையான 450 வாட்ஸ் என்றால் 12 வோல்ட்டில் 36 ஆம்பியராவது எழுதியிருக்க வேண்டும். கடையில் நின்றபடி போட்டுப் பார்க்கக்கூடிய பெருக்கல்தான்.

வாட்ஸ் அதிகமானால் நல்லது என்பதும் ஒரு மயக்கம். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாமல் எழுத, படிக்க, படம் பார்க்கப் பயன்படும் கணினி 150 வாட்ஸைத் தாண்டுவது அரிது. எளிய அட்டை ஒன்றைச் செருகினாலும் 250-க்குள் அடங்கும். எனவே பொய்யான 600-ஐவிட மெய்யான 400 மேல். ‘80 பிளஸ்’ முத்திரை உதவும். வாங்குகிற மின்சாரத்தில் குறைந்தது எண்பது விழுக்காட்டை வீணாக்காமல் உள்ளே கொடுக்கும் என்பதற்கான சோதனை அது, 2004-லிருந்து இருக்கிறது. வீணாகும் மின்சாரம் வெப்பமாகிறது. உள்ளேயிருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள் பத்து டிகிரி கூடினால் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. நம்மூர் மே மாதத்தில் இக்கணக்கு வெறும் ஏட்டுக்கணக்கு அல்ல.

வெயிலோடு மின்சாரத்தின் குணத்தையும் பார்க்க வேண்டும். 2012-இல் சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு இருந்தபோது பிற மாவட்டங்கள் பத்து மணி நேரத்துக்கும் மேலாக இருளில் கிடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். இன்று வெட்டு குறைந்துவிட்டது. ஏற்ற இறக்கம் போகவில்லை. திருக்கழுக்குன்றத்திலிருந்து சற்றுத் தொலைவில்தான் கல்பாக்கம். 1984-லும் 1986-லும் வணிக உற்பத்தியைத் தொடங்கிய உலைகளைக் கொண்ட அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தால் வோல்டேஜ் சீராக இருக்கும் என்று ஆசிரியர் வெகுநாள் நம்பியிருந்தார். அங்கே பிறக்கும் மின்சாரம் பொதுக் கட்டமைப்பில் கலந்துவிடுகிறது. நம் வீட்டு வோல்டேஜைத் தீர்மானிப்பது தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும், அதிலிருந்து நம் வீடுவரை தொங்கி வரும் கம்பியும், அண்டைவீட்டாரின் போர் மோட்டார்களும். ஆகவே பெட்டியின் மேல் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைத் தேடுங்கள். மாலையில் 180-க்கு இறங்கினாலும் தடுமாறாது. பின்புறம் சிவப்பு நிற 115/230 பொத்தான் உள்ளதைத் தொடவே வேண்டாம். பேரக்குழந்தை அதை இந்தப் பக்கம் தள்ளினால் தீபாவளிதான்.

கடற்கரையோரம் வசிப்பவர்களுக்கு உப்பு இன்னொரு பகை. மாமல்லபுரத்தில் எட்டாம் நூற்றாண்டுக் கருங்கல்லையே அது அரிக்கிறது. கடற்கரைக் கோயிலைக் காக்கத் தொல்லியல் துறையினர் சவுக்குத் தோப்பு வளர்த்தார்கள், கடலை மறித்துக் கற்களை அடுக்கினார்கள், காகிதக்கூழைச் சுவரில் அப்பி உப்பை உறிஞ்சி எடுத்தார்கள். நம்முடைய தகரப் பெட்டி எம்மாத்திரம்? விசிறி இழுக்கும் காற்றோடு உப்பும் தூசியும் உள்ளே படிந்து, இரவின் ஈரத்தை உறிஞ்சி, மின்சாரத்துக்குத் தகாத பாதைகளைத் திறந்துவிடுகின்றன. கடல் பார்த்த சன்னலோரம் எழுதுபவருக்கு இனிது, கணினிக்கு ஆகாது.

எந்த விலைக்கும் தாங்காத விபத்தும் உண்டு. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. இத்தகைய காற்றில் நியூட்ரல் கம்பி அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரைகூட நுழையலாம். அப்போது நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸும் சாகும். ஆனால் உள்ளே பாதுகாப்பு உள்ளது தான் மட்டும் சாவதற்கே பெரும்பாலும் வாய்ப்பு. ஹார்ட் டிஸ்க்கைக் கூட்டிப் போகாது. நான் கூடுதல் பணம் கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான். புயல் எச்சரிக்கை வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

மலிவானது ஆயிரத்துக்குள் கிடைக்கிறது, தேறக்கூடியது 2500-லிருந்து தொடங்குகிறது. அந்த ஆயிரத்தைந்நூறு எங்கிருந்து வரும்? பிராசஸரில் ஒரு படி இறங்குங்கள். கண்ணாடி பதித்த, வண்ண விளக்கு மினுங்கும் காபினெட்டை விட்டுவிடுங்கள். எழுதுகிறவனுக்கு விளக்கு எதற்கு?

ஆசிரியருக்கு இம்முறை அப்படியே செய்தோம். யூ.பி.எஸ்.ஸையும் புதிய எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு கடையிலேயே இணைத்து, பிளக்கைப் பிடுங்கிச் சோதித்த பிறகுதான் வாங்கினோம். மலிவு யூ.பி.எஸ்.கள் தரும் கரடுமுரடான அலை சில நல்ல பெட்டிகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

வீட்டில் பொருத்திவிட்டுக் காபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்றது. எர்த் இல்லை. இத்தனை வருடமும் இல்லை. பழைய கணினியும் இப்படித்தான் ‘லேசாகக் கடிக்கும்’ என்று அம்மா சாதாரணமாகச் சொன்னார்கள். மறுநாள் எலக்ட்ரீஷியனை அழைத்துக் கொல்லையில் குழிவெட்டி, கரியும் உப்புமாகக் கொட்டிப் புதைத்தோம். கரையில் பகையாயிருந்த உப்பு இங்கே காவலுக்கு வந்தது. கோடையில் குழி காயாமல் தண்ணீர் ஊற்றுவது அம்மாவின் பொறுப்பு. முருங்கைக்கு ஊற்றும்போது அதற்கும் ஒரு குடம். ஆசிரியர் மீண்டும் கொக்கிலமேட்டுக்குப் போய், இழந்த சொற்களைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார். முன்பு சொன்னவர்களில் இருவர் இப்போது இல்லை.