படத்தில் இருப்பவள் யார்?

சகோதரிகளே! தேயிலைப் பெட்டியை எடுத்துப் பாருங்கள். உல்லாசப் பிரயாணிகளுக்கென அச்சிட்ட தபாலட்டையைப் பாருங்கள். முதுகிலே கூடை, முகத்திலே புன்னகை, விரல் நுனியிலே கொழுந்து! மலையகத்துப் பெண்ணின் உருவம் உலகெங்கும் உலாவுகிறது. ஆனால் அவள் பெயர் யாருக்குத் தெரியும்?

சித்திர உலகிலும் இந்த அநீதி உண்டு. 1985 இல் நியூயோர்க்கில் சில பெண் ஓவியர்கள் ஒன்றுகூடி, கொரில்லாக் குரங்கின் முகமூடி அணிந்து போராடப் புறப்பட்டனர். 'கொரில்லா கேர்ள்ஸ்' என்பது அவர்கள் சங்கத்தின் பெயர். அந்நகரின் மெட்ரோபொலிட்டன் நூதனசாலைக்குச் சென்று அவர்கள் கணக்கெடுத்தனர். நவீன ஓவியப் பிரிவில் பெண் ஓவியர் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு. ஆனால், ஆடையற்ற உருவங்களில் நூற்றுக்கு 85 பெண்களுடையவை! நூதனசாலைக்குள் நுழையப் பெண் ஆடை களைந்துதான் ஆக வேண்டுமோ என்று 1989 இல் சுவரொட்டி அச்சிட்டுக் கேட்டனர். 2012 இல் மீண்டும் எண்ணியபோது, பெண் ஓவியரின் பங்கு 4 வீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது.

அவர்களைப் போல நாமும் எண்ணிப் பார்க்கலாகாதா? கண்டி ஹந்தானையில், 1925 இல் எழுந்த தொழிற்சாலைக் கட்டடம் இன்று தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது. 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களும் பழைய இயந்திரங்களும் அங்கே காக்கப்படுகின்றன. காக்க வேண்டியவைதான். ஆனால் அந்த இயந்திரங்களுக்குக் கொழுந்து கொடுத்த கைகள் யாருடையவை? 1984 வரை ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கு அதனினும் குறைந்த கூலி என்றிருந்த மலைகள் அல்லவா இவை!

நம் பெண்கள் வாய்மூடி இருந்தவர்களும் அல்லர். ஹட்டனில் தொழிற்சங்கம் நடத்திய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், தொழிலாளர் துயரைத் தாமே பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடினார். 1940 இல் நூலாகவும் வெளியிட்டார். இன்று ஹட்டனிற் பிறந்த ஹனுஷா சோமசுந்தரம், தேயிலையையே கருவாகவும் பொருளாகவும் கொண்டு தோட்டத்துப் பெண்ணின் வாழ்வைக் கலையாக்குகிறார். அன்று பிறர் வரைந்த உருவம், இன்று தானே வரையத் தொடங்கிவிட்டது.

இதிலே நமக்கும் ஒரு பணி உண்டு. வீட்டிலுள்ள பழைய புகைப்படங்களின் பின்புறத்தில் பாட்டியின் பெயரையும், அவர் கொழுந்தெடுத்த தோட்டத்தின் பெயரையும் எழுதி வையுங்கள். அவர் பாடிய தாலாட்டைக் கொப்பியில் பதியுங்கள். மகள் வரைந்த சித்திரத்தின் கீழே அவள் கையாலேயே பெயரெழுதச் சொல்லுங்கள். நூதனசாலையின் சுவரில் இடம் கேட்கும் நாளில், காட்டுவதற்கு நம்மிடம் பெயர்கள் இருக்க வேண்டாமா?