மதர்போர்டு போனால் எல்லாம் போனதா?



பிள்ளைகளின் படிப்புக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்துப் பழைய மேசைக் கணினி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறீர்கள். ஒரு நாள் விசையை அழுத்தினால் திரை இருட்டாகவே கிடக்கிறது. டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போனால், கடைக்காரர், "மதர்போர்டு போய்விட்டது, புதுக் கணினி வாங்கிவிடுங்கள்" என்கிறார். அம்மாவுக்குப் பணக் கவலை. மகளுக்கோ, அதில் சேர்த்து வைத்த பாடங்களும் பாட்டியின் படங்களும் போய்விட்டனவே என்று அழுகை.

முதலில் மகளைத் தேற்றுங்கள். பாடங்களும் படங்களும் மதர்போர்டில் இல்லை. அவை ஹார்ட் டிஸ்க் என்னும் தனிப் பாகத்தில் இருக்கின்றன. போர்டு கெட்டாலும் டிஸ்க் பெரும்பாலும் தப்பிவிடும். அதைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் படங்களை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே, பழைய பெட்டியைக் கடையில் விட்டு வருவதாக இருந்தால் டிஸ்க்கைக் கேட்டு வாங்கி வாருங்கள். சில விண்டோஸ் கணினிகளில் டிஸ்க் பிட்லாக்கர் என்னும் பூட்டால் பூட்டப்பட்டிருக்கும். அதன் மீட்புக் குறியீட்டை, கணினி நன்றாக இருக்கும்போதே தாளில் எழுதி வைப்பது நல்லது.

மதர்போர்டு என்பது தோட்டத்துச் சாலைகளைப் போன்றது. காடு, ஆலை, ஆபீஸ் எல்லாவற்றையும் இணைப்பது சாலைதானே? அதுபோல் பிராசசர், ரேம், டிஸ்க் எல்லாம் இந்தப் பலகை வழியேதான் ஒன்றோடொன்று பேசுகின்றன. ஆனால், லாரி வரவில்லை என்றால் சாலைதான் உடைந்தது என்று உடனே முடிவு கட்டலாமா?

பவர் சப்ளை கெட்டிருக்கலாம். வேறொன்றை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ரேம் சரியாகப் பதியாமல் இருக்கலாம். கழற்றித் துடைத்து மறுபடியும் அழுத்தி மாட்டினாலே சில கணினிகள் எழுந்துவிடும். போர்டில் ஒரு காசு அளவில் சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பேட்டரி உண்டு. அது தீர்ந்தால் கணினியின் தேதியும் நேரமும் மாறிப்போகும். அதன் விலை சில வெள்ளிதான். போர்டின் மேல் சிறு உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ, கசிந்திருந்தாலோ, போர்டு மீது சந்தேகப்படுவது நியாயம்.

போர்டுதான் கெட்டது என்று உறுதியானால், கையில் கிடைத்ததை வாங்கிவிடக் கூடாது. ரேமில் டி.டி.ஆர்.3 வகை, டி.டி.ஆர்.4 போர்டில் நுழையவே நுழையாது. பிராசசரும் அப்படியே. இன்டெல்லின் ஆறாம் தலைமுறைக்கும் எட்டாம் தலைமுறைக்கும் குழியின் பெயர் 1151 என ஒன்றுதான். ஆயினும் முன்னதற்குச் செய்த போர்டில் பின்னது வேலை செய்யாது. போதாததற்கு, சில பெரிய கம்பெனிப் பெட்டிகளில் அவர்களுடைய சொந்த அளவுப் போர்டு மட்டுமே பொருந்தும்.

எனவே வழி இரண்டு. அதே மாடல் போர்டு பழையதாகக் கிடைத்தால், மற்ற பாகங்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம், செலவு குறைவு. புதிய ரகப் போர்டு என்றால் பிராசசர், ரேம் எல்லாமே மாற வேண்டியிருக்கும். கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் பழைய போர்டோடு பிணைந்தது என்பதால், புது உரிமமும் கேட்கக்கூடும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. மிகப் பழைய பெட்டிக்கு அதிகம் செலவழிப்பது வீண். குறைந்த விலையில் பழைய போர்டு கிடைத்தால், அதை மாட்டி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டுப் பிள்ளைகள் படிக்கலாம், எழுதலாம்.

வீட்டிலேயே மாற்றத் துணிந்த இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, விசையைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தைத் தீருங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டுப் பிறகு போர்டைத் தொடுங்கள். ஒயர்களைக் கழற்றுமுன் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். பிராசசர் மேலுள்ள பழைய பசையைத் துடைத்துப் புதிதாகப் பட்டாணி அளவு வையுங்கள். பவர் சப்ளையை மட்டும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

கடையில் கொடுப்பவர்கள் கேட்க வேண்டியவை நான்கு: எதையெல்லாம் சோதித்தீர்கள்? அதே மாடல் போர்டா? பிராசசர், ரேம், உரிமம் சேர்த்து மொத்தம் எத்தனை வெள்ளி? எத்தனை நாள் உத்தரவாதம்? கேட்கக் கூச்சப்படாதீர்கள். நீங்கள் கொடுப்பது வெயிலிலும் மழையிலும் உழைத்த காசு. பதில் சொல்ல மனமில்லாத கடையென்றால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடங்கள்.

போர்டு மாற்றியானதும், இடி மின்னல் நேரத்தில் கணினியின் மின்கம்பியையும் இன்டர்நெட் கம்பியையும் பிடுங்கி வைக்கும் வழக்கத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். அதற்குக் காசு செலவில்லை.