அம்பேத்கர் கேட்டது அணை மட்டும்தானா?

ஒடிசாவின் ஹிராகுட் அணை பற்றிப் பேச்செடுத்தால், அதற்கு வழிபோட்டவரே அண்ணல் அம்பேத்கர்தான் என்று நம் தோழர்கள் பெருமைப்படுகிறார்கள். உண்மைதான். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1945 நவம்பரில் மகாநதித் திட்டம் குறித்துக் கட்டாக்கில் நடந்த மாநாட்டுக்கு அவர்தான் தலைமை தாங்கினார். மலிவான மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது, தொழில் வளராமல் ஏழைக்கு மீட்சி இல்லை என்று வாதாடியவர் அவர். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு ஆலை ஒரு விடுதலை வாசல் என்பதில் நமக்கும் மறுப்பில்லை.

1957-ல் நேரு திறந்துவைத்த அணையில் நடந்தது வேறு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊரை இழந்தார்கள். துன்பப்பட வேண்டியிருந்தால் நாட்டுக்காகத் துன்பப்படுங்கள் என்று 1948-லேயே அவர்களிடம் சொல்லிவிட்டார் நேரு. எந்த நாடு? 1959-ல் அங்கே அலுமினிய ஆலை வந்தது. ஒரு டன் அலுமினியம் சுமார் 14,000 யூனிட் மின்சாரத்தைக் குடிக்கும். விரட்டப்பட்டவர்களின் குடியிருப்புகள் பலவும் பல்லாண்டுகள் இருட்டில் கிடந்தன.

இதில் சாதி எங்கே வந்தது என்பார்கள். இழப்பீட்டுக் கணக்கில் வந்தது. 1894-ம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் நிலத்தில் உரிமை காட்டியவர்களோடு மட்டுமே பேசியது. பட்டா வைத்திருந்தவர்களுக்கே அரைகுறைப் பணம்தான். அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த தலித்திடமும், காட்டை நம்பிய ஆதிவாசியிடமும் என்ன காகிதம் இருந்தது? நிலம் வைத்துக்கொள்ள விடவில்லை சாதி. நிலம் இல்லாத நீ எதை இழந்தாய் என்று கேட்டது அரசு. நாட்டில் 8 சதவீதமே உள்ள ஆதிவாசிகள், வளர்ச்சித் திட்டங்களால் விரட்டப்பட்டவர்களில் சுமார் 40 சதவீதமாக இருப்பது தற்செயலா?

1947-ல் அண்ணல் எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' நூலைத் தோழர்கள் எடுத்துப் பார்க்கட்டும். அடிப்படைத் தொழில்கள் அரசுடைமை. விவசாய நிலமும் அரசுடைமை. அதைச் சாதி மதம் பாராமல் ஊராருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பண்ணையாரும் இருக்கக்கூடாது, நிலமற்ற கூலியும் இருக்கக்கூடாது. இதையெல்லாம் நீரில் மூழ்கடித்துவிட்டு, அவர் படத்தை மட்டும் மதகில் மாட்டுவது மரியாதை அல்ல.

2007 நவம்பரில், அணைத் தண்ணீர் ஆலைகளுக்குப் போவதை எதிர்த்து ஆயிரக்கணக்கான விவசாயிகள் ஹிராகுட்டில் திரண்டார்கள், தடியடி பட்டார்கள். அந்தப் போராட்டம் நியாயமானது, அவர்களோடு நிற்போம். நின்றுகொண்டே கேட்போம்: அந்த அணையால் பாசனம் பெறும் நிலத்தில் தலித்துகள் பெயரில் எத்தனை ஏக்கர்?