பைப்பில் கட்டின எர்த்

ஹீட்டருக்கு எர்த் எங்கே என்று கேட்டால் நம்ம ஊரில் பல வீடுகளில் வரும் பதில், "அதான் பைப்புல சுத்தி விட்டிருக்கே!" என்னைக் கேட்டால், அதைவிட எர்த்தே இல்லாத ஹீட்டரைக் கழற்றி வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரில் குளிக்கலாம் :-)

ஒரு காலத்தில் பைப் என்றால் ஜி.ஐ. பைப். மண்ணுக்குள் நீளமாக ஓடும். அதில் எர்த் ஒயரைக் கட்டினால் ஓரளவுக்கு வேலையும் செய்தது. அப்புறம் துருப்பிடித்த இடத்தில் பிளம்பர் இரண்டடி பி.வி.சி. போட்டு ஒட்டிவிட்டுப் போனார். மண்ணோடு இருந்த தொடர்பு அத்தோடு சரி. ஒயர் மட்டும் அப்படியே இருக்கிறது. ஹீட்டர் காயில் பழுதாகி கரன்ட் டேங்குக்கு வந்தால், அதே ஒயர் வழியாக ஷவருக்கும் குழாய்க்கும் போகும். அடுக்குமாடியில் எல்லோருக்கும் ஒரே இரும்பு பைப் என்றால் மேல் வீட்டுக்கும் போகும். அவர் ஹீட்டரே வைத்திருக்க மாட்டார், பாவம்.

எர்த்திங், பாண்டிங் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கசியும் கரன்ட் போக நம்பகமான பாதை தருவது எர்த்திங். பாத்ரூமில் கைக்கு எட்டும் உலோகங்களைப் பச்சை-மஞ்சள் ஒயரால் இணைத்து, அவற்றுக்கிடையே வோல்டேஜ் வித்தியாசம் வராமல் பார்த்துக்கொள்வது பாண்டிங். ஒத்தைக் கம்பியில் உட்கார்ந்த காக்காவுக்கு ஷாக் அடிக்காத அதே கணக்கு. உலோக பைப்பை வீட்டின் எர்த்தோடு இணைக்க வேண்டும். பைப்பையே எர்த்தாக நம்பக் கூடாது.

"எம்.சி.பி. இருக்கே, ட்ரிப் ஆகாதா?" ஆகாது. நனைந்த உடம்பின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் 0.23 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது கொசுக்கடி, ஆனால் இதயத்தை நிறுத்த அது தாராளம். தனியாக எர்த் குழி தோண்டியிருந்தாலும், கோடையில் காய்ந்து 20 ஓம் ஆகிவிட்டால் 11.5 ஆம்பியர்தான். அதற்கும் எம்.சி.பி. விழாது. ஹீட்டர் பாடியும் அதோடு கட்டிய பைப்பும் கரன்ட்டோடு அப்படியே நிற்கும்! 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (எலக்ட்ரீஷியன் அண்ணன்கள் ஈ.எல்.சி.பி. என்பார்கள்) இருந்தால்தான் சட்டென்று விழும். டைல்ஸுக்கு லட்சக்கணக்கில் செலவழிப்பவர்கள் இதற்கு ஏன் யோசிக்கிறார்கள் என்று புரியவில்லை.

பிரிட்டனில் பாத்ரூம் பைப்புகளைத் தனி ஒயர் போட்டு இணைப்பது விதியாக இருந்தது. 2008-இல் வந்த அவர்களது வயரிங் விதிகளின் 17-ஆம் பதிப்பு, அந்த ஒயரை விட்டுவிடலாம் என்றது. உடனே "பார்த்தியா, பாண்டிங்கே வேண்டாமாம்" என்று கிளம்பிவிடாதீர்கள். பாத்ரூம் சர்க்யூட் எல்லாவற்றுக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு, பழுது வந்தால் குறித்த நேரத்துக்குள் சப்ளை துண்டிப்பு, வீட்டின் மெயின் எர்த்தோடு பைப்புகளுக்குச் சரியான இணைப்பு, இத்தனையும் இருந்தால்தான் அந்தச் சலுகை.

முழுக்க சி.பி.வி.சி. பைப் போட்ட புது வீடு என்றால் சுவரில் தனியாக நிற்கும் ஷவருக்கு எர்த் ஒயர் இழுக்க வேண்டியதில்லை. ஆனால் ஹீட்டரின் மூன்றாவது பின் கட்டாயம் வேண்டும்.

ஆர்.சி.சி.பி. இருக்கிற வீடு என்றால் அதன் டெஸ்ட் பட்டனை இன்றே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழ வேண்டும். ஆனால் அந்தப் பட்டன் ஆர்.சி.சி.பி.யை மட்டும்தான் சோதிக்கும். எர்த் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய எலக்ட்ரீஷியன் மீட்டரோடு வர வேண்டும்.