ஆறில் ஒரு குடும்பம்

ஆடிப் பதினெட்டு என்றால் நம் பக்கத்து ஜனங்களுக்கு ஜேடர்பாளையந்தான். நாமக்கல்லிலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாய் வந்து, காவேரியில் ஸ்நானம் செய்து, கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்ப்பார்கள். சென்ற ஆண்டு நாமும் போயிருந்தோம். ஸ்நானம் சுகமாக நடந்தது. திரும்பும் பிரயாணந்தான் பெரும்பாடாகிவிட்டது. வெயில் தாழ்ந்து கிளம்பினால் சாலை காலியாயிருக்கும் என்று நாம் யுக்தி செய்தோம். வந்தவர் அத்தனை பேரும் அதே யுக்தியைச் செய்திருந்தார்கள்! நமக்குப் பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் வண்டி அலறிக்கொண்டே நின்றது. வழிவிட எல்லோருக்கும் மனமிருந்தது, வழிதான் இல்லை.

தனி மனிதன் ஒருவன் எப்பொழுது, எவ்வழியே புறப்படுவான் என்பதைப் பிரம்மாவும் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரம் பேரைச் சேர்த்துக் கேட்டால் கணித நிபுணர் சொல்லிவிடுவார். காசை ஒரு முறை சுண்டினால் பூவா தலையா என்பது தெரியாது. ஆயிரம் முறை சுண்டினால் ஏறக்குறைய ஐந்நூறு முறை தலை விழுமல்லவா? நிகழ்தகவுக் கணக்கின் சாரம் இதுவே.

அமெரிக்காவில் ஸான்பிரான்ஸிஸ்கோ பிரதேசத்தில் 1972-ல் புதிய ரயில் ஓடத் தொடங்கியது. நூற்றுக்கு 15 பேர் அதில் ஏறுவார்கள் என்பது அதிகாரிகளின் மதிப்பு. டேனியல் மக்பாடன் என்ற பேராசிரியரோ, பிரயாணிகள் நேரத்தையும் செலவையும் எப்படி எடைபோடுகிறார்கள் என்று ஆராய்ந்து, 6.3 என்றார். உண்மையில் ஏறியவர்கள் நூற்றுக்கு 6.2! இத்தகைய ஆராய்ச்சிக்காக 2000-ம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி நம் சாலைக்கு வருவோம். நிமிஷத்துக்கு 20 வண்டிகள் செல்லக்கூடிய பாதையில் 24 வண்டிகள் வந்து சேருவதாக வைத்துக் கொள்வோம். இரண்டு மணி நேரத்தில் 480 வண்டிகள் தேங்கிவிடும். கடைசி வண்டிக்காரர் 24 நிமிஷம் காத்திருக்க வேண்டும். அந்த 24-ல் 4 மட்டும் வேளை மாறினால் தேக்கமே இராது. அதாவது, ஆறு குடும்பங்களில் ஒன்று தாமதித்தால் போதும்.

அந்த ஒன்று எது? எல்லோருமே தாமதித்தால் நெரிசலும் கூடவே தாமதிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே நாம் ஓர் உபாயம் சொல்கிறோம். குழந்தைகளின் கையில் ஆறுமுகப் பகடை ஒன்றைக் கொடுத்து உருட்டச் சொல்லுங்கள். ஒன்று விழுந்த குடும்பத்தார் இருட்டும் வரை கரையிலிருந்து காவேரியின் அழகை ரசிக்கட்டும். விளையாட்டாய்த் தோன்றலாம். ஆனால் ஆம்புலன்ஸ் வண்டிக்குள் படுத்திருப்பவருக்கு அது விளையாட்டன்று.