ரிசீவர் வந்த பிறகு முளைக்கும் 'அக்ரிமென்ட்'!

கிண்டி: கடன் கட்ட முடியாமல் ஒரு கம்பெனி மூழ்கி, அதன் இடம் கோர்ட்டு நியமித்த ரிசீவர் கைக்குப் போய்விட்டால் விவகாரம் முடிந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அப்போதுதான் ஆரம்பமே. "இந்த இடத்தை எப்பவோ பேசி முடிச்சு அட்வான்சும் கொடுத்தாச்சு" என்று ஒருவர் பேப்பரோடு வந்து நிற்பார்.

கிண்டி மாதிரி ஏரியாவில் இந்தப் பேப்பருக்கு மவுசு அதிகம். 1958ல் தொழிற்பேட்டை தொடங்கியபோது இருந்த நிலவிலை என்ன, 2016ல் மெட்ரோ ரயில் வந்த பிறகு உள்ள விலை என்ன! பழைய ரேட்டுக்கு இடம் கைமாறினால் அடி விழுவது ஏலப் பணத்தை நம்பியிருக்கும் தொழிலாளிக்கும், டெபாசிட் போட்டவருக்கும்தான்.

விற்பனை அக்ரிமென்ட் போட்டதாலேயே யாரும் சொத்துக்கு ஓனர் ஆகிவிட முடியாது. ரிசீவர் மீது வழக்குப் போடவே அவரை நியமித்த கோர்ட்டின் அனுமதி வேண்டும். கம்பெனியைக் கலைக்கும் நடவடிக்கை தொடங்கிய பிறகு செய்த விற்பனை, தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டால் ஒழிய செல்லாது. அதனால் சண்டை பெரும்பாலும் பேப்பரில் உள்ள தேதியைப் பற்றித்தான்.

இதில் 2008ல் சுப்ரீம் கோர்ட்டு முடித்த ஒரு தமிழ்நாட்டு வழக்கு சுவாரஸ்யமானது. அது ரிசீவர் வழக்கு இல்லை, ஆனால் சமாச்சாரம் ஒன்றுதான். 1980ல் போட்டதாகச் சொன்ன அக்ரிமென்டில் ஒரு முத்திரைத்தாள் 1973லும் இன்னொன்று 1978லும் வாங்கியது! பழைய தாள் என்பதாலேயே செல்லாது என்று கோர்ட்டு சொல்லவில்லை. சந்தேகப்பட அது ஒரு காரணம் என்றது. கடைசியில் அக்ரிமென்ட் நிரூபணமாகவில்லை.

இப்படி முன்தேதி போடுவதைத் தடுக்கும் மாதிரி, 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை அக்ரிமென்டையும் தமிழ்நாட்டில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆனால் பதிவாகாத அக்ரிமென்டையும் அதை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. கதவு முழுசாக மூடவில்லை.

நிஜமாகவே பணம் கொடுத்து ஏமாந்தவர்களும் உண்டு, பாவம். ஆனால் அவர்களும் சும்மா இருந்தால் போச்சு. மதுரையில் 60 ஆயிரம் ரூபாய் வீட்டுக்கு 5 ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்து 1978ல் அக்ரிமென்ட் போட்டவர், ஆறு மாச கெடு தாண்டியும் இரண்டரை வருஷம் பேசாமல் இருந்தார். 1997ல் சுப்ரீம் கோர்ட்டு வீட்டைத் தர மறுத்துவிட்டது.

ரிசீவர் ஏலத்தில் இடம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: வில்லங்கச் சான்று போட்டால் பதிவான அக்ரிமென்ட் மட்டும்தான் தெரியும். கோர்ட்டுக் கட்டில் யாராவது ஆட்சேப மனு போட்டிருக்கிறார்களா என்று வக்கீலை விட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்குங்கள்.