ஊர் மாறப் போறீங்களா? அரசியலையும் கணக்குல சேருங்க

விருத்தாசலத்துக்கு விருத்தகாசின்னும் ஒரு பேர் உண்டு. காசியைவிட இங்கே புண்ணியம் ஒரு வீசம் அதிகம்னு பெரியவங்க சொல்வாங்க. வீசம்னா பதினாறில் ஒரு பங்கு. புண்ணியத்தையே இப்படிப் பின்னத்துல கணக்கு போட்ட ஊர்க்காரங்க நாம. ஆனா வேலைக்காக ஊர் மாறும்போது மட்டும் ஆஃபர் லெட்டர்ல இருக்கிற ஒரே ஒரு எண்ணைப் பார்த்துட்டு பெட்டியைக் கட்டிடறோம்.

உள்ளூர்ல பீங்கான் தொழிற்பேட்டை இருக்கு, பக்கத்துல நெய்வேலி இருக்கு. அது எல்லாருக்கும் போதாது, அதனால வெளியூர் போறது தப்பே இல்லை. ஆனா போற ஊரோட அரசியலுக்கும் வாழ்க்கைத்தரத்துக்கும் ஒரு விலை போட்டுப் பார்த்துட்டுப் போங்க.

அரசியல்னதும் "நமக்குப் பிடிச்ச கட்சி ஆளுதா"ன்னு பார்க்காதீங்க. அது உங்க பர்ஸுக்கு உதவாது. ஆந்திரா 2019ல தொழிற்சாலை வேலைகள்ல 75% உள்ளூர்க்காரங்களுக்குன்னு சட்டம் போட்டுச்சு. ஹரியானா 30,000 ரூபாய் வரைக்குமான தனியார் வேலைகளுக்கு அதே 75% கொண்டுவந்துச்சு. 2023 நவம்பர்ல உயர்நீதிமன்றம் அதை ரத்து பண்ணுச்சு. கர்நாடகாவுல 2024 ஜூலைல நிர்வாகப் பதவிகள்ல 50%, மத்த வேலைகள்ல 70% உள்ளூர்க்காரங்களுக்குன்னு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, தொழில்துறை எதிர்த்ததும் நிறுத்தி வெச்சாங்க. மூணு மாநிலத்துலயும் ஆண்டது வேற வேற கட்சி. ஆனா யோசனை ஒண்ணுதான்.

வெளிநாட்டுல இந்த ரிஸ்க் இன்னும் பெருசு. 2025 செப்டம்பர் 19 அன்னைக்கு அமெரிக்க அதிபர் போட்ட ஒரு கையெழுத்துல புது எச்-1பி விண்ணப்பத்துக்கான கட்டணம் 1,00,000 டாலர் ஆச்சு. ஏற்கெனவே விசா இருக்கிறவங்களுக்கு இது கிடையாதுன்னு விளக்கம் வர்றதுக்குள்ள எத்தனை குடும்பம் பதறிப்போச்சு! அங்கே வேலை போனா, வேற வேலையோ வேற விசாவோ தேட பொதுவா 60 நாள்தான் டைம். அந்த அரசாங்கத்தைத் தட்டிக்கேட்க உங்களுக்கு ஓட்டும் கிடையாது.

அதனால நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: நாளைக்கே விதி மாறினா, எத்தனை நாள்ல, எவ்வளவு செலவுல வெளியே வர முடியும்?

அடுத்தது வாழ்க்கைத்தரம். ஒரு உதாரணம் பார்ப்போம். பெங்களூருல 12 லட்சம். அதே வேலையை விருத்தாசலத்துல சொந்த வீட்டுல இருந்து பார்த்தா 9 லட்சம். வேற வருமானம் இல்லைன்னா, 2025-26 நிதியாண்டுல புது வரிமுறைப்படி 12.75 லட்சம் சம்பளம் வரைக்கும் வரி இல்லை. அதனால ரெண்டுக்குமே வரி பூஜ்யம். வாடகை ரசீது காட்டி மிச்சம் பண்றதுக்கும் ஒண்ணுமில்லை. மாச வித்தியாசம் 25,000. இதுல வாடகை 14,000, சாப்பாட்டுக்குக் கூடுதலா 4,000, பஸ்-மெட்ரோ 2,500, ஊருக்கு வந்துபோக 1,500னு வெச்சா கையில நிக்கிறது 3,000 ரூபாய். பெங்களூருல 2024 கோடையில வந்த மாதிரி தண்ணிப் பஞ்சம் வந்து லாரித் தண்ணி வாங்கினா அதுலயும் துண்டு விழும். வீட்டு அட்வான்ஸ்ல முடங்கற பணம் தனி.

அப்போ ஊர்லயே இருந்துடலாமா? அவசரப்படாதீங்க. அந்த 9 லட்சமும் "திங்கள்கிழமையிலிருந்து ஆபீசுக்கு வாங்க"ன்னு வர்ற ஒரே ஒரு மெயில்லதான் தொங்கிட்டு இருக்கு. பெரிய வைத்தியம்னா புதுச்சேரி ஜிப்மர் வரைக்கும் ஓடணும். பெங்களூருல இந்தக் கம்பெனி கைவிட்டா அடுத்த தெருவுல இன்னொண்ணு இருக்கும்.

என் கருத்து இதுதான்: ஒரே ஒரு விசாவை நம்பி நிக்கிற 30 லட்சத்தைவிட, நாலு கம்பெனி மாற வழியிருக்கிற 12 லட்சம் பலமானது. வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருஷம் வேலை கொடுக்கிறவங்க நிறைய இருக்கிற ஊருக்குப் போங்க. ஆறு மாச செலவு, அதோட திரும்பி வர்ற செலவு, இது ரெண்டும் கையில சேர்ற வரைக்கும் அந்த ஊர்ல வீட்டுக்கடன் மட்டும் வாங்காதீங்க. விதி ஒரே நாள்ல மாறிடும், இஎம்ஐ இருபது வருஷம் கூடவே வரும்.

இந்தியாவுக்குள்ளதான் மாறுறீங்கன்னா இன்னொரு வேலை பாக்கி இருக்கு. படிவம் 8 கொடுத்து ஓட்டைப் புது ஊருக்கு மாத்துங்க. செலவு பைசா கிடையாது. உங்க தெருவுல தண்ணி வரலைன்னா கவுன்சிலர்கிட்ட கேட்கிற உரிமை அதுலதான் இருக்கு. சம்பளம் வாங்குறது ஒரு ஊர்ல, ஓட்டு இன்னொரு ஊர்லன்னா, ரெண்டு ஊர்லயும் உங்களைக் கணக்குல எடுத்துக்க மாட்டாங்க.